காமிராவின் இமையும் அதன் பிணியும்

முன்னோர் வாங்கி வைத்த பிலிம் காமிரா ஒன்று வீட்டு அலமாரியிற் கிடப்பின், அதன் பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆவல் எவர்க்கும் எழுவது இயல்பே. அஃது இயங்காவிடின், கெட்டுப்போயிற்றென்று கைவிடுவாரும், வலிந்து அழுத்தி மெய்யாகவே கெடுப்பாரும் உளர். இவ்விரண்டும் வேண்டா என்பதே நாம் ஈண்டுக் கூற விழைவது. பழங் காமிராவின் பிணிகளுட் பல முறிவினால் வருவன அல்ல; உலர்ந்து பிசினான எண்ணெயினால் வருவன.

ஷட்டர் என்பது காமிராவின் இமை. மூனிக் நகரத்து டெக்கல் நிறுவனத்தார் 1912-ல் வெளியிட்ட காம்பூர் முதலிய ஷட்டர்களில், மெல்லிய இதழ்கள் சில விரிந்து ஒளியை விட்டுப் பின் மூடும். ஒரு நொடி, அரை நொடி போன்ற நெடிய அளவுகளைக் கடிகாரத்தை ஒத்த பற்சக்கரத் தொடர் ஒன்று அளந்து தரும். செல்ப் டைமர் என்பது மற்றொரு சக்கரத் தொடர். படமெடுப்போன் தானும் படத்துள் நிற்கும்பொருட்டு, ஏறக்குறையப் பத்து நொடி தாழ்த்து ஷட்டரை விடுவிப்பது.

சோதனை எளிது. பிலிம் இன்றிப் பின்மூடியைத் திறந்து, ஒளியை நோக்கிப் பிடித்து, ஒவ்வோர் அளவிலும் ஷட்டரை இயக்குக. விரைவான அளவுகள் செம்மையாயிருந்து, ஒரு நொடி மட்டும் இழுபட்டால் பிணி சக்கரத் தொடரில் உளது. எல்லா அளவிலும் இதழ்கள் சோம்பி மூடினால், அவற்றின்மேல் எண்ணெய் படர்ந்துள்ளது எனக் கொள்ளலாம். கைபேசியில் ஒலியைப் பதிந்து, திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் இடைப்பட்ட காலத்தை நோக்கின் நெடிய அளவுகளை இன்னும் நுட்பமாய் அறியலாம்.

செல்ப் டைமரைச் சோதியாது விடுதலே அறிவுடைமை. 'வி' என்னும் குறிக்கு நெம்புகோலைத் தள்ளியபின் அத்தொடர் நடுவழியில் நின்றால் ஷட்டரும் உடன் சிறைப்படும். அங்ஙனம் நேரின், நெம்புகோலை அது திரும்பும் திசையில் மட்டும் விரல் நுனியால் மெல்லத் தூண்டலாம்; எதிர்த்திசையில் தள்ளலாகாது. பின்னர் 'எக்ஸ்' குறியிலேயே வைத்து வழங்குக.

பிணியன்றிப் பிழையாற் கெடுவனவும் உள. காம்பூர் ராபிட்டில் 1/500 நொடியை, ஷட்டரை முறுக்குமுன்னரே அமைத்தல் வேண்டும். துணித்திரை ஷட்டருடைய பெட், ஸோர்க்கி என்னும் சோவியத் காமிராக்களிலோ, பிலிமைச் சுற்றிய பின்னரே அளவை மாற்றல் வேண்டும்.

பாலாற்றங்கரை வெயிலில் எண்ணெய் இளகி இதழ்களிற் படர்தல் எளிது; ஆதலின் வெப்பமிகுந்த இடத்திற் காமிராவை வையற்க. தோற்றொழிலாற் பெயர்பெற்ற மேல்விஷாரத்தார், தோல் ஈரத்தை உண்டு தேக்குவதை நன்கறிவர். தோலுறையுள் நெடுநாள் பூட்டிய காமிராவின் வில்லையிற் பூஞ்சணம் படர்வதும் இதனாலேயே. உறையை வேறாக வைத்தல் நன்று.

இறுகிய ஷட்டரில் எண்ணெய் விடுதல், எரியை நெய் வார்த்து அவிக்க முயல்வதனை ஒக்கும். பழைய பிசினைக் கழுவி நீக்குவதே மருந்து. அது கைதேர்ந்த பழுதுபார்ப்போர் தொழில். பழுது நீங்கிய பின்னும் ஒரு சுருளைச் சோதனைக்கெனச் செலவிடுக. முதியோர் முகத்தை மீளப் படமெடுக்கும் வாய்ப்பு எப்போதும் வாய்ப்பதன்று. அந்நாளில் இமை தவறலாகாது.