அடங்காத சுரப்பி

‘டென்ஷன்’ என்று ஒதுக்கப்படும் படபடப்புக்குக் காரணம் கழுத்தில் இருக்கலாம்.

பசிக்குக் குறைவில்லை. முன்பைவிட அதிகமாகவே சாப்பிடுகிறார். ஆனாலும் ரவிக்கை தொளதொளக்கிறது, வளையல் நழுவுகிறது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்க்கிறது. காபி டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்குகிறது. இரவில் தூக்கமில்லை, பகலில் தொட்டதற்கெல்லாம் எரிச்சல். வீட்டில் இதற்கு ‘டென்ஷன்’ என்று பெயர். நாற்பதைத் தாண்டிய பெண் என்றால், மாதவிடாய் நிற்கும் காலக் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார்கள். காசநோயோ, சர்க்கரையோ என்று சோதனைகள் நடப்பதும் உண்டு. தைராய்டு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில், ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ள சுரப்பி இது. உடல் எவ்வளவு வேகத்தில் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்பதை இதன் டி3, டி4 ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி தைராய்டை வேலை வாங்குகிறது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தடம் மாறி, டி.எஸ்.எச். போலவே நடிக்கும் எதிர்ப்பொருளை உற்பத்தி செய்தால் தைராய்டு ஓயாமல் சுரக்கும். மிகைச்சுரப்புக்கு முக்கியக் காரணமான இந்த நோய்க்கு, 1835-ல் இதை விவரித்த டப்ளின் டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரே நிலைத்துவிட்டது. சிலருக்குக் கண்கள் பிதுங்கும். புகைபிடித்தால் அது மோசமாகும்.

பெண்களைத்தான் அதிகம் தாக்குகிறது என்றாலும் ஆண்கள் தப்புவதில்லை. 1991-ல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) ஓட்டப்பயிற்சியின்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்குப் போனார். காரணம் கிரேவ்ஸ் நோய். அவர் மனைவி பார்பராவுக்கு அது ஏற்கெனவே வந்திருந்தது. தொற்றுநோய் அல்ல, வெறும் தற்செயல்.

முதியவர்களிடம் நோய் ஓசையில்லாமல் வரும். நடுக்கமோ பதற்றமோ இருக்காது, சோர்வும் எடைக்குறைவும்தான். திடீரென்று இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். இதயத்தில் உறையும் இரத்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனை போதும். டி.எஸ்.எச். குறைந்து டி3, டி4 கூடியிருந்தால் மிகைச்சுரப்பு. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அது முடிவைப் பொய்யாக்கும். உடல் இளைக்கத் தைராக்சின் விழுங்குகிறவர்களோ இந்த நோயை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

கார்பிமசோல் மாத்திரையை வழக்கமாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் படபடப்பு அடங்கியதும் பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பி வருகிறது. ஆனால் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்தி, அன்றே இரத்த வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும். அரிதாக இந்த மருந்து அவற்றை அழித்துவிடும். கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்வது நல்லது. மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

மாத்திரைக்கு அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை, அல்லது கதிரியக்க அயோடின். இரண்டாவதன் பெயரைக் கேட்டதுமே பலருக்கு அணுகுண்டு ஞாபகம் வருகிறது. ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உலையில் இது தயாராவதும் உண்மைதான். மும்பை பரேலில் 1963-ல் தொடங்கிய கதிரியக்க மருத்துவ மையம் தைராய்டு சிகிச்சைக்குப் பேர்போனது. நோயாளி செய்ய வேண்டியது, விழுங்குவது மட்டும். அயோடின் எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்வது தைராய்டின் சுபாவம். அந்தப் பேராசையே அதற்கு வினையாகிறது. உள்ளே சேர்ந்த அயோடின் சுரப்பியின் செல்களை அழிக்கிறது. எட்டு நாளில் கதிரியக்கம் பாதியாகிவிடும். டாக்டர் சொல்லும் காலம்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்தச் சிகிச்சையே கூடாது. கண் பாதிப்பு கடுமையாக இருந்தாலும் டாக்டர்கள் தயங்குவார்கள்.

பிறகு பலருக்குச் சுரப்பு அடியோடு குறைந்துவிடும். ஆயுள் முழுக்க, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை. நோய் தீர்ந்த பிறகும் மாத்திரையா என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஓடும் இதயத்தை அடக்குவதைவிட இதைச் சமாளிப்பது டாக்டர்களுக்குச் சுலபம்.