குளம்படி – 9: முதலில் புல், பிறகு மான்

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் போனாலும் சரி, திருமங்கலம் பக்கம் போனாலும் சரி, கண்மாய்க் கரையில் கொஞ்சம் நின்று பாருங்கள். மாடு மேய்ந்த தரையெல்லாம் சீமைக்கருவேலம். ஆடுகள் அதன் காயைத் தின்கின்றன; புழுக்கையோடு விதை அடுத்த ஊருக்கும் போகிறது. மரத்தடியில் புல்லைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தக் காட்சிக்கும் வெளிமானுக்கும் தொடர்பு உண்டு. நெல்லை–தூத்துக்குடி சாலையில் வல்லநாட்டு மலை. 1987-இல் சரணாலயமான அந்த 16.41 சதுர கி.மீ.தான் இந்தியாவின் தென்கோடி வெளிமான்களுக்குப் புகலிடம். கிடாவின் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கு முறுக்காக மேலேறும். ஆபத்து வந்தால் அது புதரில் பதுங்காது. தொலைவிலேயே கண்டுகொண்டு துள்ளி ஓடும். ஓட வெளி வேண்டும். பெயரிலேயே தன் வீட்டை வைத்திருக்கும் விலங்கு இது.

குறைந்துபோனால் பூங்காவில் வளர்த்து விட்டுவிடலாமே என்று தோன்றும். வளர்ப்பது கடினமில்லை. பாகிஸ்தானில் காட்டு வெளிமான் அற்றுப்போனபோது, 1970-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பண்ணைகளிலிருந்து கொண்டுவந்து பஹாவல்பூர் அருகே லால் சுஹான்ராவில் வளர்த்தார்கள். நூற்றுக்கணக்கில் பெருகின, ஆனால் வேலிக்குள்ளேதான். மான் திரும்பி வந்தது, வெளி திரும்பவில்லை.

அசாமில் நடந்தது வேறு. பிளவுக் குளம்புள்ள விலங்குகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான குள்ளப்பன்றி, சுமார் 25 செ.மீ. உயரம்தான். உயரமான புல்லை இழுத்து வந்து கூடு கட்டி, அதற்குள் குட்டி போடும். புல்வெளிகள் எரிக்கப்பட்டும் உழப்பட்டும் அழிந்தபோது அதுவும் அழிவின் விளிம்புக்குப் போனது. 1996-இல் மானஸ் காட்டில் ஆறே ஆறு பன்றிகளைப் பிடித்து, குவஹாட்டி அருகே இனப்பெருக்கம் செய்தார்கள். பிறந்தவற்றை நேராகக் காட்டில் கொண்டுபோய் விடவில்லை. பொதாசாலியில் புல் வளர்த்த அடைப்புகளில் குழுக்களாகச் சில மாதம் வைத்து, மனித வாடையே அதிகம் படாமல் இரை தேடவும் கூடு கட்டவும் பழக விட்டார்கள். 2008-இல் சோனாய்-ரூபாய் சரணாலயத்தில் 16 பன்றிகள் விடுவிக்கப்பட்டன. பிறகு ஒராங், பர்னாடி, மானஸ். இதுவரை 150-க்கும் மேல். ஒவ்வோர் இடத்திலும் புல்லைக் காப்பதும் திட்டத்தின் பாதி வேலை.

நமக்கான பாடம் இதுதான். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊர் ஊராக மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. வெட்டிய மரம் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். தூரோடு எடுத்து, அந்த இடத்தில் கொழுக்கட்டைப்புல்லும் அறுகும் பிடிக்கும்வரை காவல் இருக்க வேண்டும். ஊரின் மேய்ச்சல் புறம்போக்கைத் தரிசு என்று எழுதித் தாரைவார்க்காமல் இருக்க வேண்டும். பூங்காவில் பிறக்கும் குட்டிக்கு நாம் தரக்கூடிய சீதனம் அந்தத் தரைதான். அதைத் தர முடியாதபோது வளர்ப்பதெல்லாம் வேலிக்குள் கூட்டம் சேர்ப்பதாகவே முடியும்.

அடுத்த வாரம்: ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பாறைகளில் வரையாடு.