திருவாதிரையின் அகலம்

மார்கழி நள்ளிரவில் முட்டத்துக் கடற்கரைப் பாறைமேல் நின்றால், திருவாதிரை ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சிவந்த ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளிக்கு அகலம் உண்டென்று அளந்து காட்டியது 1920 டிசம்பர் 13 இரவு.

கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில், 100 அங்குலத் தொலைநோக்கியின் வாய்க்குக் குறுக்கே 20 அடி எஃகு உத்திரம் பொருத்தியிருந்தார்கள். இயற்பியலாளர் மைக்கெல்சன் வகுத்த முறை. உத்திரத்தில் நகரும் இரு கண்ணாடிகள் ஒரே விண்மீனின் ஒளியை இரு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும். அலையின் முகடும் முகடும் கூடினால் ஒளி. முகடும் பள்ளமும் கூடினால் இருள். இப்படி விழும் வரிகள், கண்ணாடிகளை விலக்க விலக்க மங்கும். மீன் அகலமானால் சீக்கிரமே மறையும். வானியலாளர் பீஸ் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவெளி சுமார் 3 மீட்டரானபோது, வேறு மீன்களில் தெரிந்த வரிகள் திருவாதிரையில் இல்லை. கணக்கிட்டால் 0.047 வில்விநாடி: தூத்துக்குடியில் வைத்த ஐந்து ரூபாய் நாணயம் முட்டத்திலிருந்து தெரியக்கூடிய அளவு.

பிறகு 50 அடி உத்திரத்தோடு பீஸ் செய்த முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வழி திறந்தவர் நம் நீலகிரியின் அருவங்காட்டில் 1916இல் பிறந்த ஹான்பரி பிரவுன். ஒளியலைகளைச் சேர்க்காமல், இரு கண்ணாடிகளில் விழும் ஒளியின் ஏற்ற இறக்கங்களை மட்டும் மின்கம்பி வழியே ஒப்பிட்டார். ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் 188 மீட்டர் வரை விலக்கி, 32 மீன்களின் அகலத்தை அளந்தார்கள்.

இன்று அதே மவுண்ட் வில்சனில் 1 மீட்டர்த் தொலைநோக்கிகள் ஆறு நிற்கின்றன; இடைவெளி 330 மீட்டர் வரை. காற்று நீக்கிய குழாய்களில் ஒளி ஒரே கூடத்துக்கு வருகிறது. முந்தி வரும் ஒளியைத் தண்டவாள வண்டிக் கண்ணாடிகள் கூடுதல் தூரம் ஓடவிட்டு, மற்றதோடு சேர்த்துவிடுகின்றன. பொருத்தம் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நுட்பமானது. அன்று கிடைத்தது ஓர் எண். இன்று உருவமே கிடைக்கிறது. அரிசோனாவின் மூன்று தொலைநோக்கிகள் சேர்ந்து தந்த, 2009இல் வெளியான படத்தில் திருவாதிரையின் மேல் ஒளித்திட்டுகள் தெரிகின்றன. நராப்ரியில் வட்டமாகக் கொண்டு அளந்த ஆக்கெர்னார் என்ற மீன், சிலியில் அளந்து 2003இல் வெளியான முடிவின்படி, நடுவில் புடைத்துச் சப்பையாக இருந்தது.

வரிகள் மறைவதைக் கண்ணால் கண்ட அனுபவம் மட்டும் போய்விட்டது. அது பெரிய இழப்பு என்றே எனக்குப் படுகிறது. வெள்ளி பார்த்துக் கரைபிடித்தவர்களின் கடலிலும் இப்போது ஜிபிஎஸ்தான்.

அருவங்காட்டில் பிறந்தவரின் முறை பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. இப்போது அரிசோனாவில், காமாக் கதிர்களுக்காகக் கட்டிய நான்கு 12 மீட்டர்த் தொலைநோக்கிகளை நிலவொளி மிகுந்த இரவுகளில் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். 2020இல் வந்த அவர்களின் முதல் முடிவுகளில் ஒன்று, நராப்ரியில் அளந்த அதே ஓரியன் இடுப்புப் பட்டை நடுமீனின் அகலம்.