இங்கிலீஷ் பேச்சுக்கும் பரீட்சை! தெரியுமா?

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இங்கிலீஷுக்கு 100 மார்க். அதில் வாய் திறந்து பேசுவதற்கு எத்தனை தெரியுமா? முட்டை! நூறும் எழுத்துக்கே!

உச்சரிப்பை வைத்து உயிரையே எடுத்த கதை தெரியுமா? பைபிளில் இருக்கிறது! ஒரு போரில் தோற்று ஓடியவர்களை ஆற்றுத் துறையில் மறித்து 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். 'ஷ' வராமல் 'சிபோலேத்' என்றவர்கள் காலி! அந்தப் போரில் மாண்டவர்கள் 42,000 பேர்!

1913-இல் கேம்பிரிட்ஜ் ஒரு இங்கிலீஷ் பரீட்சை தொடங்கியது. வாய்மொழித் தேர்வும் சேர்த்து மொத்தம் 12 மணி நேரம்! எழுதியவர்கள் மூன்றே பேர். பாஸானவர்கள்? ஒருவர்கூட இல்லை!

1960 வாக்கில் நம்ம சென்னை மாநிலத்தில் 27,000 இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கப் புறப்பட்டார்கள். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுத்தர வேண்டும். திட்டத்தின் செல்லப்பெயர் 'பனிப்பந்து'!

வெளிநாட்டுக்கு விமானம் ஓட்டும் விமானிக்கும் பேச்சுத் தேர்வு உண்டு, தெரியுமா? மொத்தம் 6 படிகள். 4-ஆவது படியாவது ஏறியிருக்க வேண்டும்!

இப்போது ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு வருவோம். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களைப் பாடாய்ப்படுத்தும் பரீட்சை! பேச்சுக்கு மட்டும் 11 முதல் 14 நிமிடம். தேர்வாளர் நேருக்கு நேர் கேட்கிறார். தொடக்கத்தில் எதைப் பற்றிக் கேட்பார்? உங்கள் ஊர், வீடு, படிப்பு, வேலை! பிறகு கையில் ஒரு அட்டை வரும். யோசிக்க ஒரே நிமிடம். பேச 2 நிமிடம் வரை! நீங்கள் சொல்லும் கருத்து சரியா, தப்பா? அதற்கு மார்க்கே கிடையாது! சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் தலா கால் பங்கு!

வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றினால்தான் மார்க் என்கிறார்களா? நம்பாதீர்கள்! கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். தேனி மாவட்டத்துச் சாயல் தெரிந்தால் குற்றமே இல்லை!

சொந்த ஊரைப் பற்றிப் பேச நம்ம தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்துப் பிள்ளைக்கு விஷயமா இல்லை? விடியுமுன் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள், போடியில் ஏலம் போகும் ஏலக்காய்! அந்த ஏலக்காயின் தாவரவியல் பெயர் 'எலட்டேரியா' என்று தொடங்கும். அதுவே நம்ம தென்னிந்தியச் சொல்லிலிருந்து போனதுதான், தெரியுமா?

இன்று ராத்திரியே செல்போனில் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். யோசிக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம். தலைப்பு: ராசிங்காபுரம்!