நடுங்கும் கையும் சாந்த்ராகாச்சி ஏரியும்

கொல்கத்தாவில் பழைய கேமரா, லென்ஸ் என்றால் எஸ்பிளனேடு பக்கத்து மெட்ரோ கலிதான். கடைக்காரர் கண்ணாடி மேசை மேல் இரண்டு கேனன் டெலி லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று 1993-ல் வந்த 400 மி.மீ.; ஸ்டெபிலைசர் கிடையாது. மற்றது 1998-ல் வந்த 100-400 ஜூம், ஸ்டெபிலைசர் உண்டு. 400-ல் வைத்தால் இரண்டும் உள்ளே விடுவது ஒரே அளவு வெளிச்சம்தான். பறவைப் படக்காரர்கள் 'இதுவா அதுவா' என்று பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட ஜோடி இது.

"எதிர்க் கடை போர்டைப் பாருங்க தாதா" என்று ஜூமை மாட்டிக் கொடுத்தார். கண்ணை வைத்தேன். வங்காள எழுத்துகள் தள்ளாடின. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் லென்ஸுக்குள் 'க்ளக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு முணுமுணுப்பு. எழுத்துகள் பாகில் ரசகுல்லா மிதப்பதுபோல் மெல்ல அசைந்து நின்றுவிட்டன.

உள்ளே நடப்பது இதுதான். நம் கை விநாடிக்குப் பத்துத் தடவை போல நடுங்கிக்கொண்டே இருக்கிறது. டீ கிளாஸ் பிடிக்கும்போது அது தெரிவதில்லை. 400 மி.மீ. லென்ஸில், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில், ஒரு பிக்சல் பார்க்கும் வானத்தின் அளவு நிலாவின் அகலத்தில் 600-ல் ஒரு பங்கு. கை அந்த அளவு திரும்பினாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். லென்ஸிலுள்ள இரண்டு ஜைரோக்கள், ஒன்று மேல்-கீழ் ஆட்டத்தையும் மற்றது பக்கவாட்டு ஆட்டத்தையும் அளக்கின்றன. அதிர்ந்துகொண்டிருக்கும் சின்னத் துண்டு ஒன்றைத் திருப்பினால் அது குறுக்கே தள்ளப்படும். அந்தத் தள்ளலே அளவு. ஈயின் இறக்கைக்குப் பின்னால் குட்டி உலக்கை மாதிரி இரண்டு உறுப்புகள் இருக்கின்றனவே, அவை பறக்கும்போது செய்வதும் இதே வேலைதான். ஜைரோ சொன்னபடி, காந்தமும் கம்பிச்சுருளும் ஒரு மிதக்கும் கண்ணாடித் தொகுதியை எதிர்ப்பக்கம் நகர்த்தும்.

சரி, இதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

விடை ஹவுராவில், சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஏரியில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கும். காலை ஏழு மணி, பனிமூட்டம், பால் கலந்த வெளிச்சம். 400 மி.மீ.க்கு 1/400 விநாடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. இந்த ஜூமின் ஸ்டெபிலைசர் இரண்டு ஸ்டாப் தாங்கும் என்கிறார்கள். அதாவது 1/100 போதும். ஐ.எஸ்.ஓ.வை 1600-லிருந்து 400-க்கு இறக்கலாம். அலகை முதுகில் செருகித் தூங்கும் சிறகியின் இறகுக் கோடுகள் மணி மணியாக வருகின்றன. ஆனால் 1/60-க்கு இறங்கினால் ஏமாற்றம்: கை நின்றாலும் தண்ணீர் அலம்புகிறது, வாத்தும் கூடவே ஆடுகிறது.

திடீரென்று கூட்டம் எழும்புகிறது. அடிக்கும் இறக்கையை உறைய வைக்க 1/1600-ஆவது வேண்டும். அந்த வேகத்தில் கை நடுக்கம் படத்தில் விழவே நேரமில்லை. ஸ்டெபிலைசர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பறக்கும் பறவையே கதி என்று இருப்பவர்கள் அந்த 1993 மாடலை விடாமல் வைத்திருந்ததற்கு இது ஒரு காரணம். நூறு கிராம் சொச்சம் எடையும் குறைவு.

"இப்போது கேமராவுக்குள்ளேயே ஸ்டெபிலைசர் வந்துவிட்டதே" என்பார்கள். உண்மைதான், ஆனால் நீள லென்ஸில் அது திணறும். ஒரு டிகிரி ஆட்டத்துக்கு 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் நகரும். 400-ல் 7 மில்லிமீட்டர். சென்சார் பாவம், எவ்வளவு தூரம் ஓடும்?

ட்ரைபாட் இருந்தால் போதுமே என்றால், தரையில் போதும். அப்போது பழைய ஸ்டெபிலைசர்களை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தன் அதிர்வைத் தானே துரத்தும். சுந்தரவனத்தில் கதை வேறு. காவல் கோபுரம் மாதிரி சில இடங்கள் தவிரக் கரையில் இறங்க முடியாது. முதலையோ புலியோ, படகிலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கே ட்ரைபாட் வைத்தால் எஞ்சின் நடுக்கம் மூன்று கால் வழியாக ஏறி நேரே கேமராவுக்கு வரும். கையில் பிடித்து, ஸ்டெபிலைசரைப் போட்டு, படகுக்காரர் எஞ்சினை நிறுத்தும் நேரம் பார்த்து எடுப்பதே வழி.

கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "எதை எடுப்பீங்க?" போனில் பழைய படங்களைத் தள்ளிக் காட்டினேன். கொக்கு நிற்கிறது, மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது, சிறகி தூங்குகிறது. எழும்பிப் பறப்பதாக இரண்டே படம். இரண்டிலும் வால் மட்டும்.

அவர் சிரித்துக்கொண்டே 1993 மாடலை அலமாரிக்குள் வைத்துவிட்டு, ஜூமுக்கு மூடி தேட ஆரம்பித்தார்.