பூப்பைத் தள்ளிப்போடும் ஊசி: சுவீடனில் எழுந்த கேள்விகள்

பதின்மூன்று வயது மகள் ஒருநாள் தாயிடம் வந்து, "நான் பெண் இல்லை, இந்த உடம்பு எனக்குரியதல்ல" என்று அழுதால் அந்தத் தாய் என்ன செய்வாள்? வைத்தியரிடம் அழைத்துச் செல்வாள். வைத்தியர் சொல்வதை நம்புவாள். சுவீடன் நாட்டுப் பெற்றோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ள 1972ஆம் ஆண்டிலேயே இடமளித்த நாடு அது. உலகில் அதுவே முதல் நாடு. பிள்ளைகளுக்கான சிகிச்சை முறையோ பின்னர் நெதர்லாந்திலிருந்து வந்தது. பூப்பைத் தற்காலிகமாக நிறுத்தும் ஊசியை முதலில் ஏற்றுவார்கள். பின்னர் மறுபாலின ஓமோனைக் கொடுப்பார்கள். அளவுக்கு முந்திப் பூப்பெய்தும் சிறுமியருக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் மருந்துதான் இந்த ஊசி. ஆனால் அச்சிறுமியருக்கு உரிய வயது வந்ததும் அதை நிறுத்திவிடுவார்கள். உரிய வயதில் வரும் பூப்பையே தடுப்பது வேறு விடயம். எலும்பு உறுதி பெறும் பருவமும் அதுவல்லவா?

2008 முதல் 2018 வரையான காலத்தில் சுவீடனில் 13 முதல் 17 வயதுவரையான பெண்பிள்ளைகளிடையே இந்த நோய் நிர்ணயம் 1500 சதவீதத்தால் அதிகரித்தது. (ஆரம்பத்தில் எண்ணிக்கை மிகச் சிறிது என்பதையும் மறந்துவிடக்கூடாது.) ஏன் இந்த ஏற்றம் என்பதற்கு எவரிடமும் தெளிவான விடை இருக்கவில்லை. அப்படியிருந்தும் 2018இல் அரசாங்கம் சத்திரசிகிச்சைக்கான வயதை 18இலிருந்து 15ஆகக் குறைக்க முன்வந்தது.

2019 ஏப்ரல் மாதம் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான எஸ்.வி.டி.யின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்று இதைக் கையிலெடுத்தது. 'திருநர் புகையிரதம்' என்பது அதன் தலைப்பின் பொருள். இடையில் இறங்க முடியாத பயணம் என்ற எண்ணத்தை அந்தப் பெயரே தருகிறது. சிகிச்சை பெற்று, பின்னர் மனம் வருந்திய இளையோர் அதில் பேசினார்கள். சிகிச்சைக்கான ஆதாரம் எவ்வளவு பலமானது என்று செய்தியாளர்கள் வைத்தியர்களிடம் கேட்டார்கள். தாய்மார் கேட்கத் தயங்கிய கேள்வி அது.

திருநர் உரிமை அமைப்புகள் நிகழ்ச்சியை ஒருதலைப்பட்சமானது எனக் கண்டித்தன. எனினும் அடுத்த மூன்று மாதங்களில் சிகிச்சை நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் தொகை சுமார் கால்வாசியால் குறைந்ததாக ஓர் ஆய்வு பின்னர் கணக்கிட்டது. பயந்து ஒதுங்கியவர்களுள் உண்மையிலேயே உதவி தேவைப்பட்ட பிள்ளைகளும் இருந்திருக்கலாம். அதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வயதைக் குறைக்கும் சட்டமூலம் கிடப்பில் போடப்பட்டது.

ஸ்டொக்ஹோமின் புகழ்பெற்ற கரோலின்ஸ்கா வைத்தியசாலை 2021இல் தன் வழியை மாற்றியது. 18 வயதுக்குட்பட்ட புதியவர்களுக்கு ஆய்வுக்கு வெளியே இம்மருந்துகளைக் கொடுப்பதில்லை என அது முடிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தொலைக்காட்சி மேலும் ஒரு செய்தியை வெளிக்கொணர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஊசி பெற்ற ஒரு பிள்ளையின் எலும்புகள் பலவீனமடைந்திருந்தன. உரிய காலத்தில் எலும்பைப் பரிசோதித்திருந்தால் முன்னரே அறிந்திருக்கலாம்.

2022 பெப்ரவரியில் தேசிய சுகாதார சபை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இச்சிகிச்சையின் ஆபத்து இப்போதைக்கு நன்மையை விஞ்சக்கூடும் என்றும், விதிவிலக்கான நிலைகளில் மட்டும் கொடுக்கலாம் என்றும் அறிவுறுத்தியது. பின்லாந்து 2020இலேயே கட்டுப்பாடு விதித்திருந்தது. பிரித்தானியாவில் வைத்தியர் ஹிலரி காஸின் அறிக்கை 2024 ஏப்ரலில் வெளியானது. ஆதாரம் பலவீனமானது என்றே அதுவும் கூறியது. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023இல் சிகிச்சைக்கான தன் ஆதரவை மீண்டும் உறுதிப்படுத்தியது; கூடவே ஆதாரங்களை மீளாய்வு செய்யவும் தீர்மானித்தது.

சுவீடன் மக்கள் திருநர்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள் என எண்ணவேண்டாம். மருந்தில் இறுக்கம் காட்டிய அதே நாட்டின் பாராளுமன்றம், சட்டப்படி பாலினத்தை மாற்றும் வயதை 18இலிருந்து 16ஆகக் குறைக்க 2024 ஏப்ரலில் வாக்களித்தது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. 2025 ஜூலை 1ஆம் திகதி அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.