தொப்பிக்காக ஒரு நாடு

பீவர் தொப்பி என்றதும் புசுபுசுவென்று ரோமம் தொங்கும் குளிர்தேசத்துத் தொப்பியை நினைத்துக்கொள்ள வேண்டாம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் தலையில் வைத்துக்கொண்டது வழவழப்பும் விறைப்புமாக, பார்வைக்குக் கெட்டித் துணிபோல இருக்கும்.

கொறித்துண்ணிகளில் கேபிபராவுக்கு அடுத்துப் பெரியது பீவர். மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடைக்கு அணை கட்டும். உறைபனி நீரில் நீந்த வேண்டியிருப்பதால் அதற்கு இரண்டடுக்கு ரோமம்: மேலே நீண்ட முரட்டு மயிர், அடியில் நெருக்கமான மென்மயிர். அந்த மென்மயிரில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் பட்டால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். நூற்காமல், நெய்யாமல் அது ஃபெல்ட் ஆகிவிடும். ஆட்டு ரோமத்திலும் ஃபெல்ட் செய்யலாம்தான். ஆனால் மழையைத் தாங்குவதிலும் வடிவம் குலையாமல் நிற்பதிலும் பீவர்தான் உசத்தி.

தொப்பிக்காரரின் பட்டறையில் முரட்டு மயிரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மென்மயிரை மட்டும் மழித்தெடுப்பார்கள். நம் ஊரில் பஞ்சு கொட்டுபவர் கையில் இருப்பதைப் போன்ற பெரிய வில் அங்கேயும் உண்டு. அதன் நரம்பைச் சுண்டச் சுண்ட மயிர் பறந்து, சீரான படலமாகப் படியும். அதை நனைத்து, அழுத்தி, கொதிநீரில் சுருக்கி, மர அச்சில் மாட்டி வடிவம் கொடுப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில், மயிர் சீக்கிரம் பின்னிக்கொள்வதற்காகப் பாதரச நைட்ரேட் பூசும் வழக்கம் பரவியது. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, புத்தி தடுமாறியது. அமெரிக்கா அதற்குத் தடை போட்டது 1941இல்தான்.

பாதரசத்துக்கு முன்பு அந்த வேலையை மனித உடம்பே செய்துகொடுத்தது. கனடாவின் பூர்வகுடிகள் பீவர் தோல்களைத் தைத்து, ரோமம் உட்புறம் இருக்கும்படி போர்த்திக்கொள்வார்கள். ஓராண்டுக்கு மேல் உடுத்தியதில் முரட்டு மயிர் உதிர்ந்து, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறி மென்மயிர் பதமாகிவிடும். புதுத் தோலைவிட இந்தப் பழைய போர்வைக்குத்தான் பிரெஞ்சு வியாபாரிகளிடம் கிராக்கி. இப்படிப்பட்ட வியாபாரத்தில் யார் யாரை ஏமாற்றியதாக நினைத்திருப்பார்கள்!

மேற்கு ஐரோப்பாவின் பீவர்களை அதற்குள் வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். கனடாவின் ஹட்சன் விரிகுடாவை ஒட்டிய காடுகளில் நல்ல தோல் இருப்பதை அறிந்த இரண்டு பிரெஞ்சு வியாபாரிகள் ராடிஸன், குரோசியே. உரிமம் இல்லாமல் போனதற்காகச் சொந்த ஆட்சியே அபராதம் போட்டதால், அவர்கள் லண்டனுக்குத் தாவினார்கள். 1668இல் நான்சச் என்ற சிறு கப்பல் புறப்பட்டு, மறு ஆண்டு தோல்களோடு திரும்பியது. 1670 மே 2 அன்று இரண்டாம் சார்லஸ் மன்னர் ஹட்சன்ஸ் பே கம்பெனிக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார்: அந்த விரிகுடாவுக்குத் தண்ணீர் வடியும் நிலம் முழுதும் உங்களுக்கே. இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் அது. அங்கே வாழ்ந்த கிரீ முதலிய மக்களை யாரும் கேட்கவில்லை.

கம்பெனியின் கோட்டைகளில் பீவர்தான் நாணயம். நல்ல குளிர்காலத் தோல் ஒன்று ஓர் அலகு. நரித்தோலுக்கும் கம்பளிக்கும் கெண்டிக்கும் அந்தக் கணக்கில்தான் விலை. 18ஆம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கி வாங்கப் பத்துப் பன்னிரண்டு தோல்வரை கொடுக்க வேண்டியிருந்தது. 1820களில் கம்பெனி இன்னொரு காரியமும் செய்தது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் மேற்கே வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஸ்நேக் ஆற்றுப் பகுதியின் பீவர்களை ஒன்றுவிடாமல் பிடித்து ஒழிக்க ஆள் அனுப்பியது. லாபம் மட்டும் நோக்கம் இல்லை, நடுவில் வெற்றிடம் இருந்தால் போட்டியாளன் வரமாட்டான் என்ற கணக்கு.

பீவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது கருணை அல்ல, பட்டு. 1840களில் பட்டுத் தொப்பி மோஸ்தராகி, ஃபெல்ட் தொப்பியின் மவுசு சரிந்தது. 1870இல் கம்பெனி தன் நிலத்தை 3,00,000 பவுண்டுக்குக் கனடாவிடம் ஒப்படைத்தது. பிறகு கடை வைத்துத் துணிமணி விற்றுப் பிழைத்தது. கடன் முற்றி, 2025 ஜூன் மாதம் கடைசிக் கடையையும் மூடியது. பீவர் கனடாவின் ஐந்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் உட்கார்ந்திருக்கிறது.